மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு நீதவான்

இதை எழுதலாமா விடலாமா என்று யோசித்த வருடங்களில் என் தலைமயிர் நரைத்தே முடிந்துவிட்டது. இந்தத் தொடரில் கப்பலில் வந்த கதை எழுதினேன், பனியில் வழுக்கி விழுந்த கதை எழுதினேன். இதை மட்டும் ஒவ்வொரு கிழமையும் பின்னுக்குத் தள்ளினேன்.

காரணம் இருக்கிறது. இதில் வருகிற ஒருவர் எங்களுக்கு நன்மை செய்தவர். அவர் தந்த கம்பளியைப் போர்த்துக்கொண்டுதான் என் மனைவி பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். செய்த நன்றியை மறந்தவன் ஆவேனோ என்று பயம். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் கேட்டேன். "பொய் கலவாமல் எழுதும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே ஆண்டவரை முன்னிறுத்தித் தொடங்குகிறேன்.

நின்றுபோன தட்டல்

ஜேர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு சிறிய அறைகள். தகர ரின்னில் அடைத்த மீனில் வைத்த குழம்பு கொதித்த ஆவியில் யன்னல் கண்ணாடி முழுவதும் வேர்த்திருந்தது. மறுநாள் எங்கள் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவர் சாப்பிட வந்திருந்தார்.

அவர் லூயிஸ். அமெரிக்கப் படையில் சார்ஜன். கறுப்பின மனிதர், கத்தோலிக்கர், நல்ல உயரம். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் வருவார். பிள்ளையைத் தோளில் போட்டு முதுகில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டு அறைக்குள் உலாவினார். நான் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தட்டல் சத்தம் என் காதுக்குத் தாலாட்டுப் போல இருந்தது.

திடீரென்று அது நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். சுவரில் நாங்கள் சுரூபங்கள் வைக்கும் தட்டுக்கு முன்னால் நின்றார். தட்டில் மாதா படம், அந்தோனியார் படம், அவற்றின் பக்கத்தில் ஒரு பழைய காலத்து வெள்ளைக்கார நீதவானின் படம். மூன்றுக்கும் முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

"இந்த மனிசன் இங்கை என்ன செய்யிறார்?" என்று கேட்டார்.

(அவர் பேசியது ஆங்கிலம். என் மனைவி தாதியாக இருந்ததால் அவளுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். எனக்குப் பாதி புரியும், மீதியை அவள் சொல்லுவாள். ஆங்கிலத்தில் நடந்த பேச்சை எல்லாம் எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.)

நான் சிரித்தேன். பல நாளாக ஒளித்து வைத்திருந்த சந்தோசத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டதென்று நினைத்தேன்.

அது என்ன சந்தோசம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வேலி வழக்குக்காரனின் மகன்

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை தெரியாத ஆள் இல்லை. வருடா வருடம் கிடுகு வேலி அடைப்பார்கள். அடைக்கிற சாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக் கம்பான கதியாலை ஒரு சாண் இந்தப் பக்கம் நட்டுவிடுவார். அடுத்த வருடம் இன்னொரு சாண். கதியால் பூவரசாக இருந்தால் வேர் விட்டு மரமாகி, அதுதான் எல்லை என்று தானே சாட்சி சொல்லும்.

என் தகப்பனார் இப்படி ஒரு வழக்கில் சீவியத்தையே தொலைத்தார். அம்மாவின் காப்பு வழக்குப் பேசிய பிரக்கிராசியிடம் போனது. நீதவான் ஒருநாளாவது வந்து அந்த வேலியைப் பார்க்கவில்லை. தவணை, தவணை, தவணை. வழக்கு முடியுமுன் அப்பு முடிந்துபோனார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போனேன், பிறகு கப்பலுக்கு. என் மனைவி றீற்றாவைக் கன்னியாஸ்திரிமார் தாதி வேலைக்கு ஜேர்மனிக்கு அழைத்தார்கள். கட்டின கையோடு நானும் பின்னால் வந்தேன்.

எனக்கு அமெரிக்கப் படைமுகாமில் கொதிகலன் பார்க்கிற வேலை கிடைத்தது. குளிர்காலம் முழுக்கக் கரி அள்ளிப் போட வேண்டும். முகாமில் எல்லாரும் நடுங்குவார்கள், நான் மட்டும் பெனியனோடு நிற்பேன்.

முகாமில் ஒரு மேஜர் இருந்தார். அவருடைய வீட்டுக் கொதிகலனும் என் பொறுப்பு. அன்பான மனிதர். முதலில் சொன்ன கம்பளியைத் தந்தவர் இவர்தான். அவர் வீட்டு வரவேற்பறையில்தான் முதன்முதலில் அந்த நீதவானின் ஓவியத்தைக் கண்டேன். கறுப்பு மேலங்கி, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி, ஒரு கை புத்தகத்தின் மேல். கண் எங்களைப் பார்க்காமல் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"என்ரை மூதாதை," என்றார் மேஜர். "நீதவான் அம்புரோஸ் வெதர்லி."

மேஜர் சொன்ன சரித்திரம்

அம்புரோஸ் என்பது எங்கள் கோயில்களிலும் வைக்கிற பெயர். அதனால் ஒட்டிக்கொண்டேன். நான் கேட்கக் கேட்க மேஜர் அந்த நீதவானின் சீவியத்தைச் சொல்லுவார். பல சனிக்கிழமைகள் சொன்னார்.

அமெரிக்கா புதிதாகத் தனி நாடாகிய காலம். மேரிலாந்து என்கிற மாநிலம். அம்புரோஸ் சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். வழக்குப் பேசும் ஒரு அப்புக்காத்திடம் எழுத்துவேலை பார்த்தபடியே சட்டம் படித்தார். நீதவானான பிறகு குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார். குதிரைச் சேணத்தின் ஒரு பக்கப் பையில் சட்டப் புத்தகம், மற்றப் பக்கத்தில் உலர்ந்த இறைச்சி. வழக்குக் கேட்கக் கோட்டுக் கட்டிடம் இல்லாத ஊரில் சாராயக் கடையின் பின்னறையில் இருந்து தீர்ப்புச் சொல்லுவாராம்.

ஒருமுறை வந்த வழக்கு அவருடைய சொந்தத் தம்பியின் மேல். தம்பி ஒரு விதவையின் காணிக்குள் வேலியை நகர்த்திவிட்டான். அம்புரோஸ் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேற்றில் இறங்கி எல்லையைப் பார்த்தார். பிறகு தம்பிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தன் கையாலேயே வேலித் தூண்களைப் பிடுங்கிப் போட்டார். தம்பி சாகும்வரை அவரோடு கதைக்கவில்லையாம்.

இதைக் கேட்ட அன்று நான் கொதிகலன் அறையில் தனியாக இருந்து அழுதேன். இப்படி ஒருவர் எங்கள் ஊரில் கதிரையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

பிறகு சனங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். பாலம் போடச் சொல்லிப் பேசினார். கடன் கட்ட முடியாத ஏழைகளைச் சிறையில் போடக் கூடாதென்று வாதாடினார். கோயில் கட்ட நிலம் கொடுத்தார். கைலஞ்சம் தொட்டதே இல்லை.

எனக்குப் பிள்ளை பிறந்ததும் மேஜரிடம் போய்ச் சொன்னேன். "சேர், பிள்ளைக்கு அவரின்ரை பெயர்தான்." மேஜர் கண் கலங்கினார். படத்தைப் புகைப்படம் பிடித்துச் சட்டம் போட்டுத் தந்தார். வீட்டில் அதை எங்கே வைப்பது? நல்ல மனிதரின் படம் நல்ல இடத்தில்தானே இருக்க வேண்டும். மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

ஒரே பெயர்

லூயிசை நான் அறிந்ததும் கரியால்தான். குளிருக்குக் கையைச் சூடாக்க என் கொதிகலன் அறைக்கு வருவார். "இந்த முகாமிலை நரகம் மட்டும்தான் வசதியான இடம்," என்பார். அவருடைய ஊர் லூசியானா. அங்கே சோறும் நண்டும் வெண்டிக்காயும்தான் சாப்பாடாம். படைக்கடையிலிருந்து ரின்னில் அடைத்த வெண்டிக்காய் கொண்டுவந்து றீற்றாவிடம் கொடுப்பார். அவள் பால்கறி வைப்பாள்.

அவர் சட்டையில் பெயர் தைத்திருந்தது: வெதர்லி. மேஜரின் பெயரும் வெதர்லி.

"றீற்றா, லூயிசும் மேஜரும் ஒரு குடும்பம் போலை," என்றேன் ஒருநாள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. அவர் வெள்ளை, இவர் கறுப்பு."

"ஏன், உம்மடை பெரியண்ணையும் சின்னண்ணையும் ஒரு நிறமே?"

"பெரியண்ணை கடலுக்குப் போறவர், சின்னண்ணை கந்தோரிலை நிழலிலை இருக்கிறவர். அதையும் இதையும் ஒண்டாக்காதேங்கோ."

எனக்கு விளங்கியது அவ்வளவுதான். பெயர் ஒன்றென்றால் வேர் ஒன்று. லூயிசிடமே கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்லுவீர்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒருவரின் பெயரைத் தோண்டி, "நீங்கள் ஆரின்ரை ஆக்கள்?" என்று கேட்டால் அதற்குள் சாதியைக் கேட்கிற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும். அந்தக் கேள்வியை ஒரு நல்ல மனிதரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் கேட்காமலே ஒரு திட்டம் போட்டேன். நீதவானின் பெயர் பிள்ளைக்கு. நீதவானின் வழிவந்த ஒருவர் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் சொல்லி லூயிசைச் சந்தோசப்படுத்துவது.

"ஓம், சொந்தம்தான்"

ஆகவேதான் அன்று சிரித்தேன்.

"உங்கடை ஆள்தானே," என்றேன். "நாளைக்குப் பிள்ளைக்கு அவரின்ரை பெயர்தான் வைக்கிறம். அம்புரோஸ்."

லூயிஸ் பிள்ளையின் தலைக்குக் கை கொடுத்து, பூப்போல எடுத்து, றீற்றாவிடம் நீட்டினார். கதிரையில் இருந்தார். அந்தப் பெரிய உடம்பு எங்கள் சின்னக் கதிரையில் ஒடுங்கிப்போனது.

"பெயர் அதுவெண்டால் நான் நிக்க ஏலாது," என்றார்.

றீற்றா அடுப்பை நிறுத்தினாள்.

"ஏன் அண்ணை, நாங்கள் ஏதும் பிழையாய்ச் சொல்லிப்போட்டமோ?"

"இல்லைத் தங்கச்சி. அவர் சொன்னது சரி. ஓம், சொந்தம்தான்."

பிறகு எங்களைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு, செபம் சொல்வது போல ஒரே சீராகச் சொன்னார்:

"என் பெயர் சீமோன். என்னைப் பெற்றவள் அன்னா, அவள் நீதவானுக்கு அடிமை. என்னைப் பெற்றவன் நீதவான். எனக்கு முன்பல் விழுந்திருந்த காலத்தில் அவன் என்னை விற்றான். துறைமுகம் வரை அம்மா வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தாள். அவள் காலில் செருப்பு இல்லை."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

சீமோன் என்பவர் லூயிசின் பூட்டனாருக்குத் தகப்பன். மேரிலாந்திலிருந்து கப்பலில் லூசியானாவுக்குக் கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்டவர். அவர் கிழவனாகும்வரை இருந்து இதைத் தன் பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கட்டளை. புதுநன்மை எடுக்கிற வயதில் ஒவ்வொரு பிள்ளையும் இதைப் பாடமாக்கிச் சொல்ல வேண்டுமாம்.

என் காதுக்குள் சூடு ஏறியது. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"அவர் தம்பிக்கு எதிராய்த் தீர்ப்புச் சொன்னவரல்லோ?"

லூயிஸ் தலையசைத்தார். "சொல்லியிருப்பார். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அந்த விதவை வெள்ளைக்காரி, அவளுக்குக் கோட்டு இருந்தது. அன்னா எங்கை போறது? அவளின்ரை சொல்லை எந்தக் கோட்டும் எடுக்காது. எடுத்தாலும் கதிரையிலை இருந்தவர் ஆர்?"

பெற்ற பிள்ளையை விற்ற கைதான் வேலித் தூணைப் பிடுங்கியது என்பதை என் மனம் பிடிக்க மறுத்தது. இரண்டு மனிதர்கள் என்று நினைக்கப் பார்த்தேன். படத்தில் இருந்தது ஒரு முகம்தான்.

றீற்றா பிள்ளையை நெஞ்சோடு இறுக்கியபடி கேட்டாள். "அண்ணை, கேக்கிறன் எண்டு கோவியாதேங்கோ. வித்தவன்ரை பெயரை ஏன் வைச்சிருக்கிறியள்? எறிஞ்சிருக்கலாமே."

"தாய் தேடி வந்தால் எந்தப் பெயரைச் சொல்லி விசாரிப்பாள்?" என்றார் லூயிஸ். "சீமோன் அதுக்காக வைச்சிருந்தவர். அவள் வரேல்லை. நாங்கள் இன்னும் வைச்சிருக்கிறம்."

றீற்றா எழுந்து போனாள். தட்டிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாள். மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். எங்கள் திருமண நாளிலிருந்து சுரூபத்துக்கு முன்னால் எரிந்த எந்தத் திரியையும் அவள் ஊதி அணைத்து நான் கண்டதில்லை. தானாக எரிந்து முடிய விடுவதுதான் அவள் வழக்கம்.

இன்னொன்றும் சொன்னார் லூயிஸ். அவருடைய ஊர்க் கோயிலில் கறுப்பு ஆட்கள் இருக்கக் கடைசி வாங்கு, கடைசியாகத்தான் நற்கருணை. அதைக் கேட்டபோது றீற்றாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் சனங்களைப் பிரித்து ஒரு கயிறு கட்டியிருந்தது. அது ஆருக்காகக் கட்டியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பாடமாக்கியது

இனி என்ன செய்வது? மேஜர் நாளைக்குக் கோயிலுக்கு வருவார், மனைவியோடு வருவார். அம்புரோஸ் என்ற பெயரைக் கேட்க வருவார். என் வேலை அவர் கையில். வேலை இருந்தால்தான் ஒவ்வொரு வருடமும் விசா. விசா இல்லையென்றால் கைப்பிள்ளையோடு திரும்பிப் போக வேண்டும்.

இதை நான் வாய்விட்டே சொன்னேன். லூயிஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்களை வற்புறுத்தவில்லை.

றீற்றாதான் சொன்னாள்.

"விசா போனால் போகட்டும். பால் குடுக்கேக்கை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட என்னாலை ஏலாது."

பிறகு லூயிசைப் பார்த்து, "அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை பெயரை வைக்கலாமோ?" என்றாள்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வைக்கிறதெண்டால் கதையையும் பாடமாக்க வேணும். நீங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க வேணும்."

சோறு ஆறியது. நாங்கள் பாடமாக்கினோம். நான் சொல்லும்போது, "அம்மா பாவம், ஓடிவந்தாள்" என்றேன்.

"பாவம் எண்ட சொல் அதிலை இல்லை," என்றார் லூயிஸ். "திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னேன். அடுத்த முறை 'விற்றான்' என்ற இடத்தில் 'விற்றுப்போட்டார்' என்றேன். அதற்கும் தலையாட்டி மறுத்தார். நீதவான் என்றதும் என் நாக்கு தானாக மரியாதை கொடுத்தது. அந்த மரியாதையை என் நாக்கிலிருந்து எடுக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.

கோயில் வாசலில்

ஞாயிற்றுக்கிழமை. கோயில் கல் நிலம் சப்பாத்துக்குள்ளால் குளிர்ந்தது. மேஜரும் மனைவியும் முன் வாங்கில் இருந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் வெள்ளை நாடா கட்டிய பரிசுப் பெட்டி.

ஜேர்மன் சுவாமியார் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். பிள்ளையை ஏந்தியிருந்த லூயிஸ் என்னைப் பார்த்தார். தகப்பன்தான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வை.

"சீமோன்," என்றேன்.

பின்னால் பரிசுப் பெட்டியின் கடதாசி சரசரத்தது. தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தோம். மேஜர் கை கொடுத்தார். கோபம் இல்லை. "அம்புரோஸ் எண்டல்லோ சொன்னனீர்?" என்றார்.

நான் படத்தைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதை நீட்டினேன். றீற்றா என்னைவிட ஒரு சாண் குட்டை. அவள் முன்னுக்கு வந்தாள்.

"சேர், அவர் தான் பெத்த பிள்ளையை வித்தவராமே."

இல்லை என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் மன்றாடினேன். பொய், ஆரோ கட்டிய கதை என்று சொல்லிவிடு. செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியிலும் கேட்காத வரம் அது. அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், நம்ப ஆசைப்பட்டேன்.

மேஜர் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாக இழுத்துச் சரிசெய்தார்.

"ஓ, அந்தப் பொடியனோ," என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"எங்கடை வீட்டிலும் அது தெரியும். என்ரை மாமிமார் கதைப்பினம்." பிறகு லூயிசின் பக்கம் திரும்பினார். "நீர் அந்தக் கிளையாய் இருப்பீர் எண்டு நானும் நினைச்சனான்."

இரண்டு குளிர்காலம் ஒரே முகாம். காலையில் ஒருவர் சல்யூட் அடிப்பார், மற்றவர் வாங்குவார். வாங்கியவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் எனக்குச் சரித்திரம் சொன்னபோதும் தெரிந்திருந்தது.

"அந்தக் காலத்திலை எல்லாரும் அப்பிடித்தான்," என்றார் மேஜர். "இறந்தவையைப் பற்றிச் சொல்லேக்கை நல்லதைத்தானே சொல்ல வேணும்?"

லூயிஸ் சீருடையில் இருந்தார். மேஜர் மேஜர்தான், சார்ஜன் சார்ஜன்தான். "யெஸ் சேர்," என்றார். அவர் கை பிள்ளையின் தொப்பி நாடாவைத் தேடிப் பிடித்து, கழுத்தின் கீழ் முடிச்சுப் போட்டது.

மேஜரின் மனைவி பரிசுப் பெட்டியை றீற்றாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்த வருடமும் மேஜர் என் வேலைக்குக் கையெழுத்து வைத்தார், அடுத்த வருடமும் வைத்தார். வீட்டுக்குக் கொதிகலன் பார்க்கப் போனால் தேத்தண்ணி தந்தார். கதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அவர் ஒரு தீமையும் செய்யவில்லை என்பதுதான் இதை எழுதவிடாமல் இத்தனை காலம் என் கையைப் பிடித்தது.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் எனக்குப் பொய்யும் சொல்லவில்லை. வேலித் தூணைப் பிடுங்கியது உண்மை. பாலம் உண்மை. கோயில் நிலம் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை விட்டபடியால் நீதவானை நான் மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

லூயிஸ் இப்போது ஆண்டவரிடம் போய்விட்டார். என் மகன் சீமோன் புதுநன்மை எடுத்த வயதில் அந்த வசனங்களைத் தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் பாடமாக்கினான். இப்போது தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

இதை வாசிக்கிற உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். இந்தக் கதையை உங்கள் வீட்டில் சொல்லுங்கள், உங்கள் கோயிலில் சொல்லுங்கள். சொல்லும்போது நீதவான் தம்பிக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பை விட்டுவிடாதீர்கள், அது நடந்தது. பிள்ளையை விற்றதையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் நடந்தது. அன்னாவின் மேல் இரக்கப்பட்டு ஒரு சொல் கூட்ட வேண்டாம். அவள் காலில் செருப்பு இல்லை என்பதோடு நிறுத்துங்கள்.